மூச்சுக் குழலுக்குள் ஒரு வீண் போர்

இழுப்பு, இரைப்பு, ஈளை, வீசிங், ஆஸ்துமா என ஒரே நோய்க்கு நம் சங்கரன்கோவிலில் எத்தனை பெயர்கள் வழங்குகின்றன! பெயர்கள் பல, காரணங்கள் அவற்றினும் பல. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றாள், கொய்யாப்பழம் தின்றாள், ஐஸ் சாப்பிட்டாள், மார்கழிப் பனியில் கோலம் போட்டாள் என்பார்கள். கடைசியில் "அவளுக்கு நெஞ்சு பலவீனம்" என்ற தீர்ப்பு வந்துவிடும். அந்தத் தீர்ப்பைத் திருத்தி எழுத வேண்டும் என்பதே பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து. இழுப்பு உள்ள பெண்ணின் உடலில் பலம் குறையவில்லை. அவளுடைய காவற்படையில் ஒரு பிரிவு அளவுக்கு மீறி வீரம் காட்டுகிறது. அவ்வளவுதான்.

இவ்வாண்டு அறிவியல் பாடத்தில் இரத்தத்தைப் பற்றிப் படித்தோம். வெள்ளணுக்களில் ஈசினோஃபில் என்று ஒரு வகை உண்டு. ஒட்டுண்ணித் தொற்றும் ஒவ்வாமையும் வரும்போது அது பெருகும் என்று படித்தோம். மதிப்பெண் வாங்க அது போதும். ஆனால் எங்கள் வகுப்பிலேயே புத்தகப் பையின் அடியில், கைக்குட்டையில் சுற்றி, இன்ஹேலரை ஒளித்து வைத்திருக்கும் தோழியர் உண்டு. பாடத்தில் வரும் அந்த வரிக்கும் அந்தக் கைக்குட்டைக்கும் உள்ள தொடர்பைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

நம் மூச்சுக்குழல் ஒரு மரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாற்போல இரண்டாகவும் நான்காகவும் கிளை பிரிந்து செல்கிறது என்பதை நாம் அறிவோம். ஒவ்வொரு கிளையின் உட்புறமும் ஈரமான மெல்லிய சவ்வு. அதற்கு வெளியே வளையமாகத் தசை. வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் எச்சமோ, கரப்பான் பூச்சியின் துகளோ, மகரந்தமோ அந்தச் சவ்வின்மேல் வந்து விழுகிறது. பெரும்பாலோர்க்கு ஒன்றும் நேர்வதில்லை. சளியோடு சேர்ந்து வெளியே தள்ளப்பட்டுவிடும். சிலருக்கோ கதை வேறு விதமாகப் போகிறது.

சவ்வின் அடியில் கிளைக் கைகளை நீட்டிக்கொண்டு காவல் காக்கும் டென்ட்ரைட்டிக் செல், அந்தத் துகளைப் பிடித்து அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குத் தூக்கிச் செல்கிறது. அங்கே இருக்கும் 'டி' லிம்ஃபோசைட்டுகளிடம் "இதோ பகைவன்!" என்று காட்டுகிறது. அவற்றுள் ஒரு பிரிவு இரண்டாம் வகைத் துணைச் செல்களாக மாறுகிறது. இச்செல்கள் தாமே போரிடுவதில்லை. உத்தரவுகளை எழுதி அனுப்பும் அலுவலகம் என்று அவற்றைச் சொல்லலாம். இன்டர்லூகின் 4 என்னும் உத்தரவு 'பி' லிம்ஃபோசைட்டுகளுக்குப் போகிறது, அவை ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளைச் செய்யத் தொடங்குகின்றன. இன்டர்லூகின் 5 என்னும் உத்தரவு ஈசினோஃபில்களைத் திரட்டுகிறது. இன்டர்லூகின் 13 சளியைப் பெருக்குகிறது. பாவம், வந்ததென்னவோ ஒரு தூசு!

உருவான ஐ.ஜி.இ. மூச்சுக்குழலின் சவ்வில் காத்திருக்கும் மாஸ்ட் செல்களின்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. மறுமுறை அதே தூசு வரும்போது இரண்டு ஐ.ஜி.இ. மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடித்தால் போதும். மாஸ்ட் செல் தன் வயிற்றிலுள்ள ஹிஸ்டமின் முதலிய பொருள்களைச் சில நிமிடங்களில் வெளியே கொட்டிவிடும். தசை வளையம் சுருங்குகிறது. சவ்வு வீங்குகிறது. வழி குறுகிய குழலுக்குள் காற்று புகுந்து வெளிவரும் ஓசையைத்தான் நாம் 'வீசிங்' என்கிறோம்.

அந்த முதல் தாக்குதல் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடலாம். வீட்டாரும் "சரியாப் போச்சு" என்று நிம்மதி அடைவர். ஆனால் நான்கு முதல் எட்டு மணி நேரத்திற்குள் இரண்டாம் அலை வருகிறது. இப்போது வருபவை ஈசினோஃபில்கள். அவற்றின் உள்ளே சிறு மணிகளைப் போலச் சேர்த்து வைத்திருக்கும் புரதங்கள், பெரிய புழுக்களையே அரிக்க வல்லவை. மூச்சுக்குழலில் புழு ஏது? அவை அரிப்பது நம் சொந்தச் சவ்வைத்தான். கொசு கடித்த இடம் சிவந்து தடித்து வீங்குமே, அந்த அழற்சி நெஞ்சின் உள்ளே நாள்தோறும் இருந்தால் எப்படி இருக்கும்? இழுப்பு இல்லாத நாளிலும் அது தணியாமல் இருக்கிறது என்பதே நாம் அறிய வேண்டிய செய்தி. பனியும் சிரிப்பும் ஓட்டமும் தூண்டுகோல்கள் என்பது உண்மையே. அவை தீக்குச்சிகள், கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டியில் ஒரு குச்சி. மருந்து ஏற்கெனவே உள்ளே குவிந்திருப்பதால்தான் பற்றிக்கொள்கிறது. ஆகவே மார்கழிக் கோலத்தின்மேல் முழுப் பழியையும் போட வேண்டாம்.

இவற்றையெல்லாம் மனிதர் கண்டுபிடித்த வரலாறு கதை போல இருக்கிறது. 1878இல் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய மாணவர் தம் பட்ட ஆய்வுக்காகத் திசுக்களுக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது, மணிகள் நிறைந்த சில செல்களைக் கண்டார். அவை நன்றாகத் தின்று கொழுத்தவை என்று எண்ணி அப்பொருள் தரும் 'மாஸ்ட்' என்ற பெயரை வைத்தார். அடுத்த ஆண்டே, இயோசின் என்ற செஞ்சாயத்தை விரும்பி ஏற்கும் வெள்ளணுவுக்கு ஈசினோஃபில் என்று பெயரிட்டார். 1921இல் பிராஸ்னிட்ஸ் என்பவர், மீன் ஒவ்வாத தம் நண்பர் கியூஸ்ட்னரின் இரத்தத் தெளிநீரைத் தம் தோலிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்த, அவ்விடம் தடித்து வீங்கியது! மீன் தின்றால் ஒன்றும் செய்யாத மனிதருக்கு நண்பரின் ஒவ்வாமை ஒட்டிக்கொண்டது. இரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அன்றே தெரிந்தது. அந்த 'ஏதோ ஒன்று' ஐ.ஜி.இ. என்று அறிய மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1966இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் அதைக் கண்டறிந்தவர்கள் கிமிஷிகே இஷிஸாகாவும் அவர் மனைவி டெருகோ இஷிஸாகாவும். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்களும் அதே காலத்தில் தனியே அதனை அடைந்தனர். டெருகோ அம்மையாரின் பெயரை எங்கள் வகுப்பில் எவரும் முன்பு கேட்டதில்லை என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறோம்.

சரி, ஈசினோஃபில் நெஞ்சுக்குள் புகுந்து இழுப்பை உண்டாக்கும் என்பதற்கு நம் பக்கத்தில் சான்று உண்டா? உண்டு. நன்றாகவே உண்டு. 1940இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில், ஃப்ரிமோட் மோலர் என்ற டேனிஷ் மருத்துவரும் பார்ட்டன் என்பவரும் விந்தையான நோயாளிகளைக் கண்டனர். இரவெல்லாம் இருமல், ஆஸ்துமா போல இரைப்பு, படம் எடுத்தால் காசம் போலத் தோற்றம். ஆனால் காசக் கிருமி இல்லை. இரத்தத்தில் ஈசினோஃபில்களோ மலை போலக் குவிந்திருந்தன. 1943இல் வெயின்கார்ட்டன் இதற்கு வெப்பமண்டல ஈசினோஃபிலியா என்று பெயர் வைத்தார். 1950களில் சிங்கப்பூரில் டாக்டர் தனராஜ், யானைக்கால் புழுவைக் கொல்லும் மருந்தாலேயே இந்த நோய் குணமாவதைக் காட்டினார். கொசு வழியே புகுந்த அப்புழுவின் குஞ்சுகளை நுரையீரலில் வேட்டையாடவே அந்தப் படை திரண்டிருந்தது.

பிறகு சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தில் (இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) டாக்டர் விஜயனும், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தாரும் இணைந்து ஓர் ஆய்வு செய்தனர். நோயாளிகளின் நுரையீரலின் ஒரு பகுதியை உப்புநீரால் கழுவி, அந்நீரைத் திரும்ப எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தார்கள். 1987இல் முடிவு வெளியாயிற்று. கழுவிய நீரில் ஈசினோஃபில்கள் திரள்திரளாக இருந்தன. போரில் இறங்கிவிட்ட செல்களுக்குரிய மாற்றங்களோடு இருந்தன. புழு மருந்து கொடுத்ததும் சில நாட்களில் அவை வெகுவாகக் குறைந்தன, மூச்சும் தேறிற்று. ஆனால் 1990இல் வந்த அடுத்த ஆய்வு ஒரு துயரமான குறிப்பைத் தந்தது. பகைவன் மாண்ட பிறகும் சிலருடைய நுரையீரலில் அழற்சி முழுவதும் அடங்கவில்லை; படை கலையாமல் நின்றது.

நாங்கள் இந்த ஆய்வை ஏன் இவ்வளவு விரித்தோம் என்றால், ஆஸ்துமாவை இதனருகே வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். அங்கே புழு என்ற மெய்யான எதிரி இருந்தான். அவனைக் கொன்றால் படையும் பெரும்பாலும் வீடு திரும்பியது. ஆஸ்துமாவில் படை உண்டு, ஆயுதம் உண்டு, எதிரி மட்டும் இல்லை. கொல்வதற்கு யாரும் இல்லாத போரில் படையைத்தான் அமைதிப்படுத்த வேண்டும்.

எல்லா இழுப்பும் இப்படியே நடக்கும் என்று சொல்லவில்லை. சிலருக்கு ஒவ்வாமைப் பொருள் இல்லாமலேயே, சவ்வே எழுப்பும் அபாயச் சங்கைக் கேட்டு ஈசினோஃபில்கள் வருகின்றன. புகையினாலும் வேறு காரணங்களாலும் நியூட்ரோஃபில் என்ற வேறு வெள்ளணு முன்னிற்பதும் உண்டு. அத்தகையோர்க்கு வழக்கமான மருந்து அவ்வளவாகக் கேட்பதில்லை. பரம்பரைக்கும் பங்குண்டு, ஆகவே பாட்டியைக் குறை சொல்வதில் சிறிது நியாயமும் இருக்கிறது.

இப்போது மருந்துக்கு வருவோம். இன்ஹேலர்கள் இரு வகை. முதல் வகையில் சால்பியூட்டமால் இருக்கும்; 1969 முதல் வழக்கில் உள்ளது. இழுத்த சில நிமிடங்களில் தசை வளையம் தளரும்; நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். ஈசினோஃபில்களை அது அடக்குவதில்லை. பூட்டிய கதவைத் திறந்துவிடும், வீட்டுக்குள் எரியும் தீயை அணைக்காது. இரண்டாவது வகையில் சிறு அளவு ஸ்டீராய்டு இருக்கும், 1972இல் வந்தது. அது உத்தரவு எழுதும் அலுவலகத்தையே மூடச் சொல்லும். நாளாக நாளாகப் படை கலையும். ஆனால் இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது. தினமும் இழுக்க வேண்டும். நன்றாக இருக்கும் நாளிலும் இழுக்க வேண்டும். நம் வீடுகளில் தோற்றுப்போவது இந்த இரண்டாவது மருந்துதான். உடனே சுகம் தருவதை நம்புகிறோம். மெல்ல வேலை செய்வதைப் பாதி மாதத்தில் நிறுத்திவிடுகிறோம். 2019இல் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவினர், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் கொடுத்து நிறுத்தக் கூடாது என்று அறிவித்தார்கள். பதினைந்து வயதுடைய நாமும் அந்தக் கணக்கில் சேர்கிறோம்.

"இன்ஹேலர் கடைசி மருந்து; அதற்கு அடிமையாகிவிடுவாய்; மாத்திரை போதும்" என்ற பேச்சை எத்தனை முறை கேட்டிருப்போம்! கணக்குப் போட்டுப் பாருங்கள். சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் மாத்திரை 2 மில்லிகிராம் அல்லது 4 மில்லிகிராம். அதாவது இருபது மடங்கு, நாற்பது மடங்கு! மாத்திரை உடலெங்கும் சுற்றிக் கைகளை நடுங்க வைத்துவிட்டு நெஞ்சுக்கு வருகிறது. இன்ஹேலர் நேரே போக வேண்டிய இடத்திற்குப் போகிறது. ஸ்டீராய்டு இன்ஹேலருக்குக் குறையே இல்லையா? இருக்கிறது. வாயில் வெண்புண் வரலாம். இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். குழந்தைப் பருவத்தில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்களுக்கு, வளர்ந்தபின் உயரம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைந்ததாக அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மூச்சுக்கு ஒரு சென்டிமீட்டர் விலை அதிகமா? எங்களைக் கேட்டால் இல்லை. எந்த மருந்தைத் தொடங்குவது, எப்போது குறைப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஐதராபாத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் உயிருள்ள சிறு விரால் மீனின் வாயில் மஞ்சள் நிற மருந்தை வைத்து விழுங்கத் தருகிறார்கள். பல மாநிலங்களிலிருந்தும் மக்கள் திரள்கிறார்கள். மூச்சு முட்டுபவர் எதையும் விழுங்கத் தயாராவது இயல்பே. அவர்களைக் கேலி செய்ய எங்களுக்கு மனமில்லை. ஆயினும் அது ஆஸ்துமாவைத் தீர்ப்பதாக அறிவியல் சான்று ஏதும் இல்லை. ஆடாதொடையின் கதை வேறு. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்துதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவானது. சளி இளகும், படை கலையாது. பாட்டி வைக்கும் தூதுவளை ரசத்தையும் நாங்கள் விடுவதாக இல்லை, அதன் ருசிக்காக.

கடுமையான நோய்க்கு ஐ.ஜி.இ.யையே பிடித்துக் கட்டும் ஓமலிசுமாப் 2003லும், இன்டர்லூகின் 5ஐத் தடுக்கும் மெப்போலிசுமாப் 2015லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. விலையோ நம் போன்ற குடும்பங்களுக்கு எட்டாக்கனி.

2019ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி, உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் இந்தியர். ஆஸ்துமா மரணங்களிலோ நம் நாட்டின் பங்கு 40 சதவீதத்திற்கும் மேல்! இந்த இரு எண்களுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில்தான் கைக்குட்டையில் சுற்றிய இன்ஹேலர் கிடக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஏன் ஒளிக்கிறோம்? சிறு வயதில் ஆஸ்துமா ஆண்பிள்ளைகளுக்கே அதிகம். பருவம் எய்திய பின் பெண்களுக்கு அதிகமாகிறது. பெண்ணைப் பற்றி ஊர் பேசத் தொடங்கும் அதே வயது! "உள்ள வையி ளா, யாராச்சும் பாத்திரப் போறாக. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நோய்க்காரின்னு சொல்லிருவாக" என்று வீட்டில் சொல்கிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் உறவினர் வந்திருக்கும் நாளில் காலை மருந்து தவறுகிறது. கல்யாண வீட்டில் இரண்டு நாள் தவறுகிறது. படை மீண்டும் திரள அதற்குமேல் என்ன வேண்டும்? அந்நேரத்தில்தான் பின்னிரவு இழுப்பும் வருகிறது. நம் உடல் தானே சுரக்கும் அழற்சி அடக்கும் ஹார்மோன் நள்ளிரவையொட்டிக் குறைந்திருக்கும் வேளை அது. கண்ணாடி அணிந்த பெண்ணை யாரும் கண்ணாடியை ஒளித்துவிட்டுப் பாதையில் நடக்கச் சொல்வதில்லையே. இன்ஹேலருக்கு மட்டும் ஏன் இந்த வெட்கம்?

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர் தறிகளின் ஊர். தறி ஓடினால்தான் பல வீடுகளில் உலை கொதிக்கும். ஆகவே தறியைப் பழிப்பவர்கள் அல்லர் நாங்கள். பஞ்சாலைத் தொழிலாளர்க்கு வாரத்தின் முதல் வேலைநாளில் மார்பு இறுகும் பைசினோசிஸ் வேறொரு நோய். ஆனால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுக்குழலில் நூல் தூசியும், விறகுப் புகையும், கொசுவர்த்திப் புகையும் சேர்ந்தால் இழுப்பு கூடும். கண்மாய்க் கரையெல்லாம் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தின் மகரந்தமும் ஒவ்வாமை தருவதே. தூசியை அடக்கினால் பயன் உண்டா என்று ஐயுறுவோர் பார்சிலோனாவைப் பார்க்கட்டும். அத்துறைமுக நகரில் 1981 முதல் 1987 வரை 26 முறை, திடீர் திடீரென்று ஒரே நாளில் ஆஸ்துமா நோயாளிகள் மருத்துவமனைகளில் குவிந்தனர். காரணம் தெரியாமல் திகைத்தனர். ஆன்டோ என்ற மருத்துவரும் குழுவினரும் நாட்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்நாட்களில் எல்லாம் துறைமுகத்தில் சோயா மொச்சை இறக்கப்பட்டிருந்தது! நோயாளிகளின் இரத்தத்தில் சோயாவுக்கு எதிரான ஐ.ஜி.இ. இருந்தது. தானியக் கிடங்கு ஒன்றில் தூசி வடிகட்டி இல்லை. அதைப் பொருத்தினார்கள், அந்தக் கூட்டம் கூட்டமான தாக்குதல் நின்றது. யாரும் எவருடைய நெஞ்சையும் பலவீனம் என்று சொல்லவில்லை.

ஆசிரியைகளிடமும் எங்களுக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. காலையில் வகுப்பைப் பெருக்கும்போது தண்ணீர் தெளித்துப் பெருக்கலாம். கரும்பலகை அழிப்பானைச் சன்னலுக்கு வெளியே, காற்று போகும் திசையில் தட்டலாம். விளையாட்டு வேளையில் இழுப்பு உள்ள தோழியை எப்போதும் மர நிழலில் உட்கார வைக்க வேண்டாம். மருந்து ஒழுங்காக எடுப்பவள் கோ-கோ ஆடலாம். முதலுதவிப் பெட்டியில் பஞ்சுக்கும் டிஞ்சருக்கும் அருகே, மருத்துவரின் அறிவுரைப்படி ஒரு சால்பியூட்டமால் இன்ஹேலரும் ஸ்பேசரும் இருக்கட்டும். ஸ்பேசர் என்பது மருந்துப் புகை தொண்டையில் அடித்து வீணாகாமல் நின்று உள்ளே போக உதவும் கூடு. அதை வாங்கச் செலவாகுமே என்று தயங்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 1999இல் வெளியான ஆய்வில், அரை லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் நுழையும் அளவுக்கு ஒரு துளையிட்டு, இடுக்கில் காற்று போகாமல் பசையிட்டு அடைத்து, பாட்டிலின் வாய் வழியே குழந்தைகளை மூச்சிழுக்கச் செய்தார்கள். கடையில் வாங்கிய ஸ்பேசருக்கு இணையாக அது வேலை செய்தது.